சொந்தக் காசில் சப்பாத்து வாங்கும் படைவீரர்: எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது

கிளிநொச்சியில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கும் கேள்வி இது. சின்ன வயதிலேயே மாமாவோடு லண்டனுக்குப் போய் அங்கேயே குடியுரிமை பெற்ற அவருடைய அண்ணா, இப்போது பிரிட்டிஷ் இராணுவத்தின் பகுதிநேரப் படையில் சேர்ந்திருக்கிறார். சேர்ந்து ஆறு மாதத்துக்குள் சப்பாத்து, முதுகுப்பை, கையுறை என்று சம்பளத்தில் பாதியை அதற்கே செலவழித்துவிட்டாராம். இப்போது இணையத்தில் மார்புக் கவசமும் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். "அவ்வளவு பணக்கார நாடு இதையெல்லாம் கொடுக்காதா? அண்ணா ஏமாறுகிறாரா? அம்மா யோசித்து யோசித்து நித்திரை கொள்கிறா இல்லை" என்று எழுதியிருக்கிறார்.

தங்கச்சி, நான் எந்த இராணுவத்திலும் இருந்தவள் இல்லை. முகமாலைப் பக்கம் ஒன்பது வருடம் மிதிவெடி அகற்றும் வேலை செய்தேன். கடைசி நான்கு வருடம் எங்கள் அணியின் உபகரணக் களஞ்சியமும் என் பொறுப்பில் இருந்தது. கவசம் போட்டுக்கொண்டு வெயிலில் முழங்காலில் நின்றவள், கவசத்தை எண்ணிக் கொடுத்து வாங்கியவள் என்ற இரண்டு அனுபவத்தையும் வைத்துத்தான் பதில் சொல்கிறேன். களஞ்சியத்தில் இருந்த காலத்தில் மற்ற நாடுகளின் படைகளில் இந்த விஷயம் எப்படி நடந்தது என்று தேடித் தேடி வாசித்தும் இருக்கிறேன்.

அண்ணா ஏமாறவில்லை. சப்பாத்தை வாங்கியது பிழையே இல்லை. மார்புக் கவசத்தை மட்டும் தயவுசெய்து வாங்க விடாதீர்கள். ஏன் இரண்டுக்கும் இரண்டு பதில் என்பதை விளங்கப்படுத்துகிறேன், அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

படைவீரர் தன் காசில் வாங்குவது புதுப் பழக்கம் இல்லை. முதலாம் உலகப் போரில் பிரிட்டிஷ் அதிகாரிகள் சீருடை, கைத்துப்பாக்கி எல்லாவற்றையும் தாங்களே வாங்கிக்கொண்டார்கள். இன்றைக்கு உலகம் முழுக்கக் கடைகளில் தொங்கும் இடுப்புப் பட்டி வைத்த நீளமான மழைக்கோட்டு அப்போது அதிகாரிகள் தையற்கடைகளில் காசு கொடுத்து வாங்கியதுதான். சாதாரண சிப்பாய்க்கு மட்டும் அரசாங்கம் கொடுத்தது. பின்னர் எல்லோருக்கும் அரசே கொடுக்கத் தொடங்கியபோதுதான் "கொடுத்தது போதவில்லை" என்ற பேச்சும் வந்தது.

கொடுப்பது ஏன் பழசாகிறது? ஒரு இராணுவம் புதுச் சப்பாத்து கொடுக்க வேண்டுமென்றால் முதலில் அது எப்படி இருக்க வேண்டும் என்று எழுத வேண்டும். மாதிரி செய்வித்துச் சோதிக்க வேண்டும். விலைமனு கோர வேண்டும். தொழிற்சாலை செய்து முடிக்க வேண்டும். இதற்குள் களஞ்சியத்தில் ஏற்கெனவே அடுக்கியிருக்கும் பழைய சோடிகள் முடிய வேண்டும். அதை நான் என் சின்னக் களஞ்சியத்திலேயே பார்த்திருக்கிறேன்: பழைய இருப்பு முடியாமல் புதியதைக் கேட்டால், அலுவலகத்தில் இருந்து வரும் முதல் கேள்வி "மிச்சம் எத்தனை இருக்கிறது?" என்பதுதான். ஒரு லட்சம் பேருக்குப் பொருள் கொடுக்கும் இடத்தில் இது வருடக்கணக்கில் இழுபடும். எழுதத் தொடங்கிய போது எந்த நாட்டு மண்ணை நினைத்து எழுதினார்களோ, அந்த மண்ணில் சண்டை நடக்கும் என்ற உறுதியும் இல்லை.

இதற்கு நான் வாசித்ததில் மறக்க முடியாத உதாரணம், தென் அட்லாண்டிக் தீவுகளுக்காகப் பிரிட்டனும் ஆர்ஜென்டினாவும் மோதிய 1982 ஃபோக்லாந்துப் போர். அப்போது பிரிட்டிஷ் சிப்பாய்க்குக் கொடுத்தது டி.எம்.எஸ் என்ற கணுக்கால் வரை மட்டுமே வரும் சப்பாத்து. அடிப்பாகத்தை அச்சில் வார்த்து ஒட்டியது, மேலே துணிப் பட்டியைச் சுற்றிக் கட்ட வேண்டும். அணிவகுப்பு மைதானத்துக்கும் முகாம் வாழ்க்கைக்கும் பரவாயில்லை. ஆனால் ஃபோக்லாந்து நிலம் முழுக்க ஊறிய கரிச்சேற்று மண். மே 21ஆம் தேதி தரையிறங்கினார்கள், அங்கே அது குளிர்காலத் தொடக்கம். நான்கு நாளில் அட்லாண்டிக் கன்வேயர் என்ற கப்பல் தாக்கப்பட்டு, படைகளை ஏற்றிச் செல்ல அதில் கொண்டுவந்த ஹெலிகொப்டர்களில் பெரும்பாலானவை அதோடு போய்விட்டன. பிறகு என்ன, நடைதான். கடற்படைத் துருப்புகள் முப்பது கிலோவுக்கு மேல் சுமையோடு சுமார் 90 கிலோமீற்றர் ஈர நிலத்தில் நடந்தார்கள். சப்பாத்துக்குள் தண்ணீர் புகுந்து காயவே இல்லை. பாதம் வெளிறி, மரத்து, வீங்கி, கடைசியில் நிலத்தில் ஊன்ற முடியாத வலி. ஈரக்குளிரில் பாதம் அழியும் இந்த நோய் முதலாம் உலகப் போரின் பதுங்குகுழிகளில் பல்லாயிரம் பேரை வாட்டியது. அறுபத்தைந்து வருடம் கழித்து அதே நோய், அதே நாட்டுச் சிப்பாய்களின் காலில். அந்தப் போருக்குப் பிறகுதான் உயரமான தோற்சப்பாத்து எல்லோருக்கும் வந்தது. கணுக்கால் சப்பாத்து சேற்றுக்கு உதவாது என்பது அதற்கு முன்பே சிப்பாய்களுக்குத் தெரியும். வசதி உள்ளவர்கள் மலையேறுபவர்களின் கடைகளில் வாங்கிக்கொண்டார்கள்.

2001இல் பிரிட்டிஷ் படை ஓமானில் பெரிய பயிற்சி நடத்தியது. இந்த முறை சூடு. பாலைவன வெப்பத்தில் சப்பாத்தின் அடி உருகிக் கழன்றதைப் பிரிட்டனின் கணக்காய்வு அலுவலகமே அறிக்கையில் எழுதியது. குளிருக்கு என்று செய்ததை வெயிலில் போட்டால் வேறு என்ன நடக்கும்? 2012இல்தான் பாலைவனம், மிதமான நிலம், ஈரக்குளிர் என்று வேலைக்கும் இடத்துக்கும் ஏற்ப ஐந்து வகைப் பழுப்புச் சப்பாத்துகளை அறிமுகப்படுத்தினார்கள். ஆகவே உங்கள் அண்ணாவுக்குக் கொடுத்திருக்கும் சோடி ஃபோக்லாந்து காலத்துச் சோடி போல இருக்காது. அப்படியிருந்தும் அவர் ஏன் வேறு வாங்கினார்? அவருடைய பாதம் அச்சுக்குப் பொருந்தவில்லை என்பதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அச்சை நடுத்தரமான ஒரு பாதத்துக்குத்தான் வார்ப்பார்கள். அகலப் பாதம், உயர்ந்த வளைவு, ஒரு கால் அரை அளவு பெரிதாக இருப்பவர் என்று எத்தனையோ பேர். கால் கொப்புளித்தால் இருபது கிலோமீற்றர் நடையில் ஆள் பின்தங்கிவிடுவார். அந்தச் செலவு வீண் செலவு இல்லை.

எங்கள் இடத்தில் பிரச்சினை முழங்கால். றேக் முறையில், அதாவது தோட்டத்து றேக் போன்ற சாமானால் மண்ணை இழுத்து மிதிவெடி தேடும் முறையில், வேலை செய்பவர் நாள் முழுக்க முழங்காலில்தான் நிற்பார். எங்களுக்குத் தந்த முழங்கால் காப்பு ஆண்களின் தடித்த காலை நினைத்துச் செய்தது. எங்கள் அணியில் அரைவாசிக்கு மேல் பெண்கள், பலர் வீட்டைத் தனியே தாங்குபவர்கள். பட்டியை எவ்வளவு இறுக்கினாலும் காப்பு கணுக்காலுக்கு இறங்கிவிடும். முகமாலையில் சில இடம் வெள்ளை மணல், சில இடம் காய்ந்து கல்லான மண். சோளகக் காற்று மணலை வாரி காப்புக்கும் தோலுக்கும் நடுவில் கொண்டுபோய் வைக்கும். ஒரு மாதத்தில் முழங்கால் புண். நாங்கள் என்ன செய்தோம் என்றால், கிளிநொச்சிச் சந்தையில் தடித்த இறப்பர் செருப்பு வாங்கி, வாரை அறுத்து எறிந்துவிட்டு, அடியை மட்டும் எடுத்து பழைய ஜீன்ஸ் துணிக்குள் வைத்துத் தைத்தோம். அருமையாக இருந்தது. அணிக்கு அணி பரவியது. இரண்டு வருடம் அப்படியே போனது.

அந்த இரண்டு வருடமும் அலுவலகத்தில் யாருக்கும் முழங்கால் காப்பில் குறை இருப்பதே தெரியாது. ஏனென்றால் யாரும் முறையிடவில்லை. நாங்களே சரிசெய்துவிட்டோம் அல்லவா? ஆண்டு முடிவில் அதே காப்பை, அதே அளவில், இன்னும் நூறு வாங்கினார்கள். நான் களஞ்சியத்துக்கு வந்த பிறகுதான் அந்த வாங்கல் பதிவைப் பார்த்தேன், பார்த்து உண்மையாகவே கவலைப்பட்டேன். எங்கள் கெட்டித்தனமே எங்களுக்குப் பின்னால் வந்த பிள்ளைகளின் முழங்காலைக் கெடுத்திருக்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்று பிறகு வரும்.

சரி, மார்புக் கவசத்துக்கு வருவோம்.

2003இல் ஈராக்குக்குப் போன அமெரிக்கப் படையில், ரைபிள் குண்டைத் தடுக்கும் பீங்கான் தகடு எல்லோருக்கும் கிடைக்கவில்லை. வீட்டில் இருந்த அம்மா அப்பாமார் கடன்பட்டு வாங்கித் தபாலில் அனுப்பினார்கள். நாடு முழுக்க அதுவே பேச்சானது. 2004 டிசம்பரில் குவைத்தில் ஒரு சிப்பாய் எழுந்து, வாகனங்களுக்குக் கவசம் இல்லாமல் குப்பைமேட்டில் இரும்புத் துண்டு பொறுக்கிக் கட்டுகிறோமே, ஏன் என்று பாதுகாப்புச் செயலர் ரம்ஸ்ஃபெல்டிடமே நேரில் கேட்டார். அதே 2004இல் அமெரிக்க நாடாளுமன்றம், சொந்தமாக வாங்கிய பாதுகாப்புப் பொருளுக்கு ஒவ்வொன்றுக்கும் 1,100 டொலர் வரை திருப்பிக் கொடுக்கச் சட்டம் செய்தது. பிரிட்டனில் இதைவிடக் கசப்பான கதை. 2003 மார்ச் 24 அன்று ஈராக்கில் சார்ஜன்ட் ஸ்டீவன் ரொபேர்ட்ஸ் சுடப்பட்டு இறந்தார். கவசம் எல்லோருக்கும் போதவில்லை என்பதால், சில நாட்களுக்கு முன் அவரிடம் இருந்ததைத் திருப்பி வாங்கி வேறு ஒருவருக்குக் கொடுத்திருந்தார்கள்.

இதையெல்லாம் வாசித்தால் அண்ணா வாங்குவதுதானே நல்லது என்று தோன்றும். ஆனால் அன்று அந்தக் குடும்பங்கள் வாங்கியது இல்லாத பொருளை. இன்று உங்கள் அண்ணா பார்ப்பது, படை தரும் பொருளுக்குப் பதிலாக "இன்னும் நல்லது" என்று விற்கப்படும் ஒன்றை. 2006 மார்ச்சில் அமெரிக்கத் தரைப்படை, தான் வழங்காத எந்தக் கவசத்தையும் அணியக் கூடாது என்று தடை போட்டது. காரணம் எளிது. சப்பாத்து சரியா பிழையா என்று போட்டு நடந்தால் ஒரே நாளில் கால் சொல்லிவிடும். கவசம் சரியா என்று அதைப் போட்டிருப்பவருக்குக் குண்டு படும் வரை தெரியாது. முன்கூட்டி அறிய ஒரே வழி, அதே தொகுதியில் செய்த வேறு கவசங்களைச் சுட்டு, நனைத்து, சூடாக்கி, திரும்பவும் சுட்டுப் பார்ப்பது. அதைத் தனி ஆள் வீட்டில் செய்ய முடியாது.

குண்டைத் தடுக்கும் கவசம் நெய்யப் பயன்பட்ட சைலோன் என்ற நாரின் கதையைச் சொல்கிறேன். மற்ற நார்களைவிட மெல்லியது, பாரம் குறைவு, பலம் கூட என்று அமெரிக்கப் பொலிசார் விரும்பி வாங்கினார்கள். 2003இல் ஒரு பொலிஸ்காரர் அணிந்திருந்த அந்தக் கவசத்தைக் குண்டு ஊடுருவியது. ஆராய்ந்தபோது, சூட்டிலும் ஈரத்திலும் அந்த நார் உள்ளுக்குள்ளேயே உளுத்துப் போவது தெரிந்தது. 2005இல் அதைத் தரப்பட்டியலில் இருந்து எடுத்தார்கள். வெளியே பார்த்தால் புத்தம் புது மாதிரி இருக்கும். வன்னி வெயிலில் நாங்கள் ஒரு நாளில் இரண்டு தரம் வேர்வையில் நனைந்து காய்வோம். அதனால்தான் ஒவ்வொரு கவசத்துக்கும் இலக்கமும், வாங்கிய திகதியும், கழிக்க வேண்டிய திகதியும் எழுதி வைப்பதில் நான் யாரோடும் சமரசம் செய்யவில்லை.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. கவசம் எல்லாம் ஒன்றல்ல. எங்கள் மார்பணி மிதிவெடிக்காக அளந்தது. சர்வதேசக் கண்ணிவெடித் தரநிலை சொல்வது: 240 கிராம் ரி.என்.ரி வெடிமருந்து 60 சென்ரிமீற்றர் தூரத்தில் வெடித்தாலும் தாங்க வேண்டும், விநாடிக்கு 450 மீற்றர் வேகத்தில் வரும் சின்னச் சிதறலைத் தடுக்க வேண்டும். முகக்கவசம் 5 மில்லிமீற்றர் பொலிகாபனேற், கண்ணாடி போன்ற கடினமான பிளாஸ்ரிக். அந்த மார்பணியைப் போட்டுக்கொண்டு ரைபிளுக்கு முன்னால் நின்றால் அது தடுக்காது. மறுபக்கம், ரைபிள் தகடு இரண்டைச் செருகிய கவசம் எங்கள் வேலைக்கு உதவாது. குனியும்போது கழுத்தும் அடிவயிறும் தொடையும் திறந்தபடி கிடக்கும். கடைக்காரர் "மூன்றாம் தரம், நான்காம் தரம்" என்று சொல்வது எதற்கு எதிரான தரம் என்று அண்ணாவுக்குத் தெரிந்தாலும், தகட்டுக்கும் அதைத் தாங்கும் பைக்கும் பின்னால் உள்ள, நாரால் நெய்த மென்கவசத்துக்கும் பொருத்தம் இருக்கிறதா என்பது தெரியாது. சில தகடுகள் பின்னால் மென்கவசம் இருந்தால் மட்டுமே குண்டைத் தடுக்கும்.

கவசத்தில் தனி ஆள் கைவைத்து நல்லது நடந்த கதை ஒன்றும் உண்டு. 2004இல் ஒரு ஓய்வுபெற்ற அமெரிக்கக் கடற்படை மருத்துவர், படையில் இருந்த தன் பேரனுடைய தலைக்கவசத்துக்குள் பட்டி மட்டுமே இருப்பதைக் கண்டு, உள்ளே வைக்கும் மெத்தைகளை வாங்கி அனுப்பினார். பிறகு நன்கொடை சேர்த்து ஆயிரக்கணக்கானவர்களுக்கு அனுப்பினார். ஆனால் அவர் அனுப்பியது தரைப்படை ஏற்கெனவே சோதித்துத் தன் புதுத் தலைக்கவசத்தில் பயன்படுத்திய வகை மெத்தை. அதோடு நிற்கவும் இல்லை, நாடாளுமன்றம் வரை போய் முறையிட்டார். 2006இல் பேரனுடைய படையும் மெத்தைக்கு மாறியது. அந்த மனிதர் செய்ததில் எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த முறையீடுதான்.

எங்கள் றேக்கும் அப்படித்தான். 2002 போர்நிறுத்தத்தின் பின் வன்னியில் வேலை தொடங்கியபோது, ஒட்டுமொத்த நிலமும் இரும்புச் சிதறல். உலோகம் தேடும் கருவி விடாமல் கத்தும். பி-4 மாதிரிப் பிளாஸ்ரிக் மிதிவெடியிலோ உலோகம் மிகக் கொஞ்சம். தோட்டத்து றேக் போன்ற சாமானால் மண்ணை மெல்ல மெல்ல இழுத்து எடுக்கும் முறை இங்கேதான் வளர்ந்தது. சோதித்து, கனமான றேக், இலேசான றேக் என்று பிரித்து, நீளமான பிடி போட்டு ஆள் வெடியில் இருந்து விலகி நிற்கும்படி செய்து, ஒழுங்குமுறையாக எழுதிய பிறகே எல்லோர் கைக்கும் கொடுத்தார்கள். எவரும் வீட்டில் இருந்து தன் றேக்கைக் கொண்டுவந்து வேலை செய்யவில்லை. கொண்டுவந்திருந்தால் நானே கேற்றில் வாங்கி வைத்திருப்பேன்.

உள்ளே போடும் பெனியன், ரி-சேட் பற்றி ஒரு எச்சரிக்கை, இதை யாரும் யோசிப்பதில்லை. வேர்வை உடனே காயும் என்று விளையாட்டு வீரர் போடும் பொலியெஸ்ரர் ரி-சேட்டை எல்லோரும் விரும்பி வாங்குவார்கள். நானும் வாங்கினேன். 2006இல் ஈராக்கில் அமெரிக்கக் கடற்படைத் துருப்புகளுக்கு முகாமுக்கு வெளியே அதைப் போடத் தடை விதித்தார்கள். வெடி நெருப்பில் அந்தத் துணி உருகித் தோலோடு ஒட்டிவிடுகிறது, மருத்துவர்கள் உரித்து எடுக்க வேண்டியிருந்தது. அதை வாசித்த அன்றே பருத்திக்கு மாறினேன். பருத்தி நனைந்தால் பாரம்தான், ஆனால் உருகாது.

இரத்தம் போவதை நிறுத்தும் இறுக்குப் பட்டியிலும் கவனம் வேண்டும். 2022இல் உக்ரேனில் தொண்டர்கள் அள்ளி அள்ளி வாங்கி அனுப்பியதில் மலிவான போலிகள் கலந்திருந்தன. பார்வைக்கு அசல்தான். முறுக்கும்போது கம்பி வளைந்து உடைந்துவிடும். வாங்குவதானால் தயாரிப்பாளரிடம் நேரடியாக வாங்க வேண்டும், பயிற்சிக்கு ஒன்று, உண்மைத் தேவைக்கு உறை பிரிக்காத ஒன்று என்று இரண்டு வைத்திருக்க வேண்டும். பயிற்சியில் பலமுறை முறுக்கியதை ஆபத்தில் நம்பக் கூடாது.

இப்போது எங்கள் முழங்கால் கதையின் மிச்சம். பதிவைப் பார்த்த பிறகு நான் ஒவ்வொரு அணித்தலைவியிடமும் போனேன். யார் யார் சொந்தமாகத் தைத்த காப்புப் போடுகிறீர்கள், ஏன், எத்தனை ரூபா செலவு, தந்த காப்பில் எந்த இடம் பிழை என்று கேட்டு எழுதினேன். செருப்படியில் தைத்த இரண்டு சோடியையும், இறங்கி விழும் பழைய காப்பு ஒரு சோடியையும் பெட்டியில் போட்டு, எல்லோரும் கையெழுத்து வைத்த கடிதத்தோடு அனுப்பினேன். முதலில் பதில் வரவில்லை. இரண்டாம் தரம் அனுப்பினேன், புண்ணுக்கு மருந்து எடுத்த நாட்களின் கணக்கையும் சேர்த்து. அடுத்த வருடம் சின்ன அளவில், அகலப் பட்டியோடு புதுக் காப்பு வந்தது. கடைசி வரை அதைத்தான் போட்டோம்.

உங்கள் அண்ணாவும் அதையே செய்யலாம். பிரிட்டிஷ் படையில் குறைபாட்டை எழுதிக் கொடுக்க முறையான படிவம் உண்டு. தந்த சப்பாத்து எங்கே வெட்டுகிறது, எத்தனை கிலோமீற்றரில் வெட்டுகிறது என்று நிரப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். வேறு அளவோ வேறு அகலமோ மாற்றிக் கேட்டாரா என்றும் கேளுங்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் கூச்சத்தில் கேட்காமலே கடைக்கு ஓடிவிடுவது உண்டு.

காசு செலவழிக்கத்தான் வேண்டுமென்றால், முதலில் நல்ல கம்பளிக் காலுறை ஆறு சோடி, சப்பாத்துக்குள் வைக்கும் தரமான உள்ளடி ஒரு சோடி. இந்த இரண்டும் பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும். அதற்குப் பிறகும் வலித்தால் படைப்பிரிவு அனுமதிக்கும் நிறத்திலும் வகையிலும் சப்பாத்து. கையுறை, முதுகுப்பை, தலைவிளக்கு எல்லாம் அவர் விருப்பம். மார்புக் கவசம், தலைக்கவசம், கண்ணைக் காக்கும் கண்ணாடி மூன்றும் படை தருவதுதான். கண்ணாடியையும் முகக்கவசத்தையும் ஒருபோதும் காய்ந்த துணியால் துடைக்க வேண்டாம், பெற்றோல், தின்னர் பக்கமே போக வேண்டாம். சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, மென்மையான ஈரத் துணியால் ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள். கீறல் விழுந்தால் களஞ்சியத்தில் கொடுத்து மாற்றிக்கொள்ளட்டும், அதற்காகத்தான் அங்கே ஒருவர் இருக்கிறார்.